காசநோய் மாத்திரையும் ‘சூடு’ என்கிற சொல்லும்

கோபிக்குப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சில வருடங்களுக்கு முன் டி.பி. என்று தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, முழங்கையிலும் முதுகிலும் அரிப்பு. போனில் விசாரித்தபோது, "ஒண்ணுமில்ல கண்ணு, மாத்திரை சூடு. மோர் குடிச்சுட்டு இருக்கறேன்" என்றார். ஒரு வாரத்தில் அரிப்பு போய்விட்டது. மோரினால் போகவில்லை. கிராம சுகாதார நர்ஸ் கொடுத்த செட்டிரிசின் என்ற அரிப்பு மாத்திரைதான் அதைக் கேட்டது. ஆனால் பெரியம்மாவின் கணக்கில் வெற்றி மோருக்குத்தான்.

அதற்கு அடுத்த வருடம் சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டும் உறவுக்கார அண்ணன் ஒருவருக்கும் அதே நோய், அதே மாத்திரை. பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, உதடு வெடித்தது, நெஞ்சில் கருஞ்சிவப்பாகத் திட்டுகள். அதற்கும் முதலில் சொல்லப்பட்டது ‘சூடு’தான். மறுநாள் வீட்டுப் பெரியவர்கள் அம்மை என்று முடிவுகட்டினார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள், தாளிப்பை நிறுத்தினார்கள், வெளியாள் உள்ளே வரக்கூடாது என்றார்கள். அம்மை போட்டால் மருந்து கொடுக்கக்கூடாது என்று நம்புகிற வீடுதான் அது. ஆனாலும் டி.பி. மாத்திரையை மட்டும் விடவில்லை. "ஒரு நாள்கூட உடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்களே" என்று காலையில் எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருந்தார் அண்ணி. மூன்றாம் நாள் சட்டையைக் கழற்றியபோது முதுகுத் தோல் பனியனோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு வீட்டிலும் சொன்ன சொல் ஒன்றுதான். உடம்புக்குள் நடந்தது வேறு வேறு. கொங்கு வட்டாரத்தில் சூடு என்ற சொல்லுக்குள் வாய்ப்புண், நீர்க்கடுப்பு, கண் எரிச்சல், முடி கொட்டுவது வரை எல்லாம் அடங்கும். அதனால் காசநோய் மாத்திரையால் வரும் சாதாரண அரிப்பும், உயிரைக் குடிக்கும் தோல் ஒவ்வாமையும் அதே பைக்குள் போய்விடுகின்றன. பிரித்துப் பார்க்க என்ன வழி என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் அந்த மாத்திரை. சாதாரணக் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் என்று நான்கு மருந்து. அடுத்த நான்கு மாதம் பைராசினமைடு இல்லாமல் மற்ற மூன்று. நான்கையும் தனித்தனியாக விழுங்கச் சொன்னால் யாராவது ஒன்றிரண்டைக் குப்பையில் போடுவார்கள் என்று, எல்லாவற்றையும் ஒரே மாத்திரைக்குள் சேர்த்துவிட்டார்கள். பெரியவர்களுக்கான ஒரு மாத்திரையில் ஐசோநியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைராசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம் இருக்கும். 35 முதல் 49 கிலோ எடைக்கு மூன்று மாத்திரை, 50 முதல் 64 கிலோவுக்கு நான்கு. மறதிக்கும் ஏய்ப்புக்கும் நல்ல மருந்து இந்தக் கூட்டு மாத்திரை. ஆனால் ஒவ்வாமை என்று வந்துவிட்டால் நான்கு பேரும் ஒரே முகமூடி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். யார் குற்றவாளி என்று மாத்திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பயப்படத் தேவையில்லாத சங்கதிகளை வேகமாக முடித்துவிடலாம். சிறுநீரும் வியர்வையும் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினின் சாயம், அவ்வளவுதான். மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் முகம் கொஞ்சம் சிவந்து, தலை அரித்து, தானாக அடங்குவதும் பெரும்பாலும் அதே ரிஃபாம்பிசினின் வேலைதான். பைராசினமைடு சாப்பிடும்போது வெயில் படுகிற இடத்தில் தோல் கறுக்கலாம், எரியலாம். மஞ்சள் காட்டில் களை எடுக்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் நல்லது. ஐசோநியாசிட் சாப்பிடும்போது, ஐஸ் பெட்டியில் நாலு நாள் கிடந்து ஊருக்குள் வரும் சூரை மாதிரி மீனைத் தின்றால், ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை வலிக்கும். மீனில் சேர்ந்திருக்கும் ஹிஸ்டமினை உடம்பு உடைக்க விடாமல் இந்த மருந்து தடுப்பதால் வருவது அது. மீனை விட்டால் போதும், மாத்திரையை விட வேண்டியதில்லை. அரிப்பு மட்டும், அல்லது அரிப்போடு லேசான தடிப்பு மட்டும் என்றால் அரிப்பு மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே சிகிச்சையைத் தொடர்வதுதான் வழக்கம். பெரியம்மா இந்த ரகம். அவர் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தியிருந்தால் நோய் திரும்பி வந்திருக்கும், கிருமி மருந்துக்கு எதிர்ப்பும் பழகியிருக்கலாம்.

அடுத்தது மோசமான ரகம். இங்கே நடப்பது வேலியே பயிரை மேய்ந்த கதை. நம் உடம்பில் கிருமி புகுந்த செல்களைத் தேடிக் கொல்வதற்கென்றே ஒரு வகை வெள்ளை அணுக்கள் உண்டு. சிலருடைய பிறவி அமைப்பில், ஒரு மருந்தோ அது கல்லீரலில் உடைந்து உண்டாகும் துணுக்கோ செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதத்தோடு சேர்ந்து நிற்கும்போது, காவல்கார அணுக்களுக்கு அது அந்நியன் மாதிரித் தெரிகிறது. இதை உணர்ந்து படை திரட்ட அவற்றுக்கு நாள் ஆகும். அதனால்தான் முதல் மாத்திரையில் ஒன்றும் ஆவதில்லை, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வெடிக்கிறது. "இத்தனை நாள் ஒத்துக்கிச்சே, இப்ப எப்படிங்க அலர்ஜி வரும்?" என்று வீட்டில் கேட்பார்கள். தோல் ஒவ்வாமையின் கடுமையான வடிவங்களுக்கு அந்தத் தாமதம்தான் அடையாளமே.

கடுமையான வடிவங்களில் முக்கியமாக இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, அண்ணனுக்கு வந்தது. 1922-இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் இரண்டு சிறுவர்களிடம் பார்த்து எழுதியதால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்று பெயர். தோலின் மேலடுக்கு செத்து, அடியடுக்கிலிருந்து கழன்றுவிடும். உடல் பரப்பில் பத்து சதவீதத்துக்குக் குறைவாகக் கழன்றால் இந்தப் பெயர். முப்பது சதவீதத்தைத் தாண்டினால் ‘டென்’ என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் நிலை. 1956-இல் லயல் என்ற ஸ்காட்லாந்துத் தோல் மருத்துவர் விவரித்தது. இரண்டும் ஒரே நோயின் சின்ன அண்ணனும் பெரிய அண்ணனும்தான். சின்னதில் பத்துக்கு ஒருவர் வரை இறக்கிறார்கள், பெரியதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மருந்து தொடங்கிய நாலாம் நாளிலிருந்து நாலாம் வாரத்துக்குள் வருவதுதான் பெரும்பான்மை.

இன்னொன்று, டாக்டர்கள் சுருக்கமாக ‘டிரெஸ்’ என்று சொல்லும் ஒவ்வாமை. இதில் தோல் உரிவதைவிட உடம்பு முழுக்கக் கொதிப்பதுதான் விஷயம். இரண்டாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் காய்ச்சல், முகம் அதிலும் கண்ணைச் சுற்றி வீக்கம், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவது, உடம்பெங்கும் சிவப்புத் தடிப்பு. ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு ஏறியிருக்கும், கல்லீரல் கெட்டிருக்கும். காசநோய்க்காரருக்கு நெறி கட்டினால் நோய்தான் முற்றுகிறது என்று நினைக்க வாய்ப்பு அதிகம். கல்லீரல் கெட்டால் மாத்திரை கல்லீரலைத் தாக்கியது என்று மட்டும் நினைத்துவிடலாம். முகம் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். மருந்தை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் இது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பது இதன் தனிக் குணம்.

இவை அபூர்வம் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வகை எல்லா மருந்துகளையும் சேர்த்தே ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சிலருக்குத்தான் வருகிறது. அந்தப் பட்டியலின் தலையில் இருப்பவை காசநோய் மருந்துகளும் அல்ல. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிட்டாயின், சல்ஃபா மருந்துகள், யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினால், இவைதான் முன்வரிசை. ஆனால் உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். இந்த மாத்திரையை விழுங்குகிற கூட்டம் அவ்வளவு பெரியது. அபூர்வமானதும் ஊருக்கு ஊர் தட்டுப்படத்தான் செய்யும்.

அலோபியூரினால் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. பைராசினமைடு, யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுக்கும். மூட்டு வலிக்கும். நோயாளி மெடிக்கலில் போய், "முட்டி வலிங்க, யூரிக் ஆசிட் ஏறியிருக்குதாமா" என்கிறார். யாரோ அலோபியூரினாலைக் கொடுத்துவிடுகிறார்கள். அது இந்த வகை யூரிக் அமிலத்தைக் குறைப்பதும் இல்லை, பைராசினமைடின் துணுக்கு உடம்பில் இன்னும் தங்கவே வழி செய்கிறது. சாதாரண வலி மாத்திரை போதுமான இடத்தில், தோலை உரிக்கும் மருந்துகளில் முதன்மையான ஒன்று உள்ளே போகிறது. பிறகு தோல் உரிந்தால் பழி டி.பி. மாத்திரை மேல். ஆகவே எந்தத் தோல் பிரச்சினைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்து அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போவது பெரிய உதவி. லேகியம், சூரணம், வலி மாத்திரை, பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டது எல்லாம் சேர்த்துத்தான். சொல்ல வெட்கப்பட்டு மறைப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி வகையைத்தான்.

சரி, அம்மைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சின்னம்மையில் நீர் கோத்த முத்துகள் தொகுதி தொகுதியாக வரும். ஒன்று காயும்போது இன்னொன்று முளைக்கும், அரிக்கும். மருந்து ஒவ்வாமையின் மோசமான ரகத்தில் தோல் அரிப்பதைவிட வலிக்கும், எரியும். தொட்டாலே சுடுகிறது என்பார்கள். திட்டின் நடுவில் கருநீலம் ஓடும். முக்கியமாக ஈரமான இடங்கள் புண்ணாகும்: வாய், உதடு, கண், பிறப்புறுப்பு. காலையில் கண் பீளையால் ஒட்டிக்கொள்ளும், எச்சில் விழுங்க முடியாது, சிறுநீர் போக அழுகை வரும். தேய்த்தால் தோல் நழுவும். இதில் ஏதாவது ஒன்று காய்ச்சலோடு சேர்ந்தாலே அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகம் வீங்கினாலும், கண் மஞ்சளித்தாலும், ஊசி முனையால் குத்தியதுபோலக் கால்களில் சிவப்புப் புள்ளிகள் வந்தாலும் அப்படியே. அந்தப் புள்ளிகள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ரிஃபாம்பிசினால் சரிந்ததன் அடையாளமாக இருக்கலாம். அப்படி உறுதியானால் அந்த நோயாளிக்கு வாழ்நாளில் ரிஃபாம்பிசின் கிடையாது.

‘ஒரு நாள்கூட விடாதே’ என்ற பாடம் நம் மக்கள் மனத்தில் நன்றாகவே பதிந்திருக்கிறது. பதிய வைக்கப் பாடுபட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எப்போது விடலாம் என்கிற அரை வரியையும் அதோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் அண்ணிக்கு அந்த மூன்று காலைகள் குழப்பம் இருந்திருக்காது.

ஒரு காலத்தில் இதைக் கவனிக்க வேறு கண்கள் இருந்தன. பெருந்துறையில் இன்றைக்கு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம் அப்போது காசநோய் சானடோரியம். பஸ்ஸில் இன்னும் சானடோரியம் என்று கேட்டுத்தான் பல பேர் டிக்கெட் வாங்குகிறார்கள். காற்றோட்டம், முட்டை, பால், படுக்கை என்று மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், சானடோரியத்தில் படுத்தவர்களையும் வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-இல் வந்த முடிவு உலகத்தையே மாற்றியது: வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிடுவது சளைத்தது அல்ல. ஏழை நாடுகள் எல்லாம் படுக்கை கட்டுவதை விட்டு மாத்திரை கொடுக்க ஆரம்பித்தன. நல்ல காரியம்தான். ஆனால் வார்டில் தினமும் காலையில் போர்வையை விலக்கிப் பார்த்த நர்ஸின் கண் வீட்டுக்கு வரவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தது நம் பாட்டிமார்களின் ‘சூடு’.

மருந்துகளின் பழைய வரலாற்றிலும் தோல் ஒரு பெரிய பாடம் சொல்லியிருக்கிறது. தயாசெட்டசோன் என்றொரு மருந்து. சல்ஃபா மருந்துக்காக 1939-இல் நோபல் பெற்ற டோமாக்கின் ஆய்வில் ஜெர்மனியில் உருவானது. மிக மலிவு. ஐசோநியாசிடோடு சேர்த்துப் பல்லாண்டு இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கொடுத்தார்கள். தோல் ஒவ்வாமை உண்டு என்று தெரியும், ஆனால் விலை பேசியது. பிறகு எச்.ஐ.வி. வந்தது. 1991-இல் நைரோபியிலிருந்து வந்த ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள காசநோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை, அது இல்லாதவர்களில் நூறில் ஒருவருக்கு. செத்தவர்களும் உண்டு. எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு அந்த மருந்தைத் தராதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அதன் பின் சொன்னது. இப்போது நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தில் அந்த மருந்து இல்லை. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்கு மருந்து ஒவ்வாமை அதிகம் என்கிற பாடம் மாறவில்லை. போதாக்குறைக்கு அவர்கள் காசநோய் மாத்திரையோடு சல்ஃபா வகை கோட்ரைமாக்ஸசோலையும் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போன பின் என்ன செய்வார்கள்? முதல் காரியம் எல்லா மருந்தையும் நிறுத்துவது. எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறார்களோ அவ்வளவு உயிர் மிச்சம். அப்புறம் தீக்காயக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பது: நீர்ச்சத்து, உடம்புச் சூடு குறையாமல் வைப்பது, கிருமி அண்டாமல் காப்பது, கண் மருத்துவரை முதல் நாளே கூப்பிடுவது. தோல் இல்லாத முதுகைத் துணி விரிப்பில் கிடத்தினால் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இதற்கு ஒரு கைமருந்து உண்டு. வாழையிலை. நரம்பைச் சீவி, கிருமி நீக்கி விரித்துவிடுவார்கள். குளிர்ச்சி, வழவழப்பு, ஒட்டாது, விலையும் கிடையாது. அண்ணனுக்கும் அப்படித்தான். தினமும் காலையில் அத்தாணியிலிருந்து வரும் சொந்தக்காரர் ஒரு கட்டு இலையோடு வார்டு வாசலில் நிற்பார். கல்யாணப் பந்திக்கு வந்தவர்போல இருக்கும்.

தோல் ஆறும். ஆனால் காசநோய் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இங்கேதான் அந்த முகமூடிப் பிரச்சினை. ஒவ்வாமை முழுக்க அடங்கிய பிறகு, கூட்டு மாத்திரையை ஓரம்வைத்துவிட்டு, தனித்தனி மருந்தாக ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பார்கள். முதலில் மிகச் சிறிய அளவு. ரிஃபாம்பிசின் என்றால் 75 மில்லிகிராம், ஐசோநியாசிட் என்றால் 50. காய்ச்சல், அரிப்பு, தடிப்பு ஏதும் இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் முழு அளவுக்கு ஏற்றி, அடுத்த மருந்து. ரிஃபாம்பிசினும் ஐசோநியாசிடும் காசநோய்க்கு முதுகெலும்பு என்பதால் அவற்றை எப்படியாவது மீட்டெடுக்கப் பார்ப்பார்கள். மூன்று மருந்து ஒத்துக்கொண்டால், நாலாவதை வம்புக்குத் தொடுவதில்லை. தோல் உரிந்தவர்களிடம் இந்தச் சோதனையைச் செய்யலாமா என்பதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து இல்லை. சிலர் சந்தேகப்படும் மருந்துப் பக்கமே போகாமல் வேறு மருந்துகளுக்கு மாறுகிறார்கள். சிலர் வார்டிலேயே வைத்து, காலை மாலை தோலையும் வாயையும் கல்லீரல் கணக்கையும் பார்த்துக்கொண்டு செய்கிறார்கள். எந்தக் கட்சியானாலும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: இதை வீட்டில் வைத்து நோயாளியே செய்து பார்க்கக்கூடாது. "நல்லாயிருச்சு, திரும்ப ஒண்ணு போட்டுப் பாக்கலாம்" என்று பழைய அட்டையிலிருந்து கிள்ளிப் போட்டால், இரண்டாம் முறை படை திரட்ட உடம்புக்கு வாரங்கள் தேவைப்படாது. சில மணி நேரம் போதும்.

சந்தேகத்துக்குரிய மருந்தின் பெயரைச் சிகிச்சைக் கார்டில் சிவப்பு மையில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். பாதகம் நடந்ததை மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளி வீட்டாரே தெரிவிக்கலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் அதற்குத்தான். மருத்துவமனை சொல்லும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

அண்ணனுக்கு மூன்று மருந்து ஒத்துக்கொண்டன, பைராசினமைடைத் தொடவே இல்லை. அந்த மருந்து இல்லாமல் ஆறு மாதம் போதாது என்பதால் ஒன்பது மாதம் சாப்பிட்டார். சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்து தறிக்குத் திரும்பிவிட்டார். முதுகில் மட்டும் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருக்கிறது. கண்ணீர்ச் சுரப்பு பழையபடி வரவில்லை. பஞ்சுத் துகள் பறக்கும் கொட்டகையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மணிக்கொரு தடவை தறியை நிறுத்திச் சட்டைப் பையிலிருந்து சொட்டு மருந்து எடுத்து விட்டுக்கொள்கிறார். போன பங்குனியில் ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் பண்டிகைக்குப் போயிருந்தபோது அவர் வீட்டில் சாப்பிட்டோம். பேச்சுவாக்கில் அண்ணி சொன்னார்: "இவருக்கு அம்மை போட்டப்ப நேந்துக்கிட்டதுங்க, இந்த வருசம்தான் தீத்துட்டு வந்தோம்." அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.